ஃபோல்டருக்குள்ள ரெப்போ இருக்கான்னு பேட்ச் ஸ்கிரிப்ட் வெச்சு பார்க்கிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய டிஸ்க்கை காலி பண்ணணும், இல்ல புது சிஸ்டத்துக்கு மாறணும், அப்பதான் இத்தனை ஃபோல்டர்ல எதுல ரெப்போ (ஃபைல்களோட மாற்ற ஹிஸ்டரியையும் சேர்த்து வெச்சிருக்கிறது) இருக்கு, எது சும்மா காப்பி பண்ணி வெச்சதுன்னு தெரியாம முழிப்போம். உடனே ஒரு பேட் ஃபைல் (கமாண்டுகளை வரிசையா எழுதி வெச்ச பேட்ச் ஸ்கிரிப்ட்) எழுத உக்காருவோம், உக்காந்த பத்தாவது நிமிஷம் எல்லாருக்கும் அதே சந்தேகங்கள் வரும். திரும்பத் திரும்ப என்கிட்ட வந்ததை எல்லாம் கேட்டவங்க கேட்ட மாதிரியே இங்க போட்டிருக்கேன். எல்லாமே விண்டோஸ் கமாண்ட் ப்ராம்ப்டுக்கானது. கமாண்டுகளையும் தமிழ் எழுத்துலயே எழுதியிருக்கேன், நீங்க டைப் பண்றப்ப வழக்கமான ஸ்பெல்லிங்ல போட்டுக்கோங்க.

எக்ஸ்ப்ளோரர்ல பார்த்தா எல்லா ஃபோல்டரும் ஒரே மாதிரிதான் இருக்கு, எது ரெப்போன்னு எப்படிங்க தெரியும்?

ஃபைல் மாற்றங்களைக் கணக்கு வெக்கிற ஒவ்வொரு வெர்ஷன் கண்ட்ரோல் டூலும் ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள்ள தன்னோட சாமானை வெக்க ஒரு தனி இடம் எடுத்துக்கும். கிட்னா `.கிட்`, சப்வெர்ஷன்னா `.எஸ்விஎன்`, மெர்க்யூரியல்னா `.ஹெச்ஜி`, பஜார்னா `.பிஇசட்ஆர்`, ரொம்பப் பழைய சிவிஎஸ்னா புள்ளி எதுவும் இல்லாம `சிவிஎஸ்`னே ஒரு ஃபோல்டர். ஃபாசில் மட்டும் ஃபோல்டர் இல்லாம `_ஃபாசில்_`னு ஒரு ஃபைலை வெக்கும். கிட் விண்டோஸ்ல அந்த `.கிட்` ஃபோல்டரை ஹிட்டனா மாத்தி வெச்சிடும், அதனாலதான் உங்க கண்ணுக்குப் படலை.

நம்ம ஸ்கிரிப்ட் செய்யப்போறது அடிப்படையில இதுதான், இந்தப் பேர்ல ஏதாவது உள்ள இருக்கான்னு பார்க்கிறது. கேக்க ரொம்ப சிம்பிளா இருக்கும், கீழ போகப் போக அப்படி இல்லன்னு புரியும்.

ஒரே ஒரு லெவல் மட்டும் பார்த்தா போதும், எத்தனை லைன் எழுதணும்?

ஒரு லைன் போதும்:

`ஃபார் /டி %%ஐ இன் (*) டூ இஃப் எக்ஸிஸ்ட் "%%ஐ\.கிட்" எக்கோ %%ஐ`

இப்ப நிக்கிற ஃபோல்டர்ல இருக்கிற ஒவ்வொரு சப் ஃபோல்டரையும் எடுத்து, அதுக்குள்ள `.கிட்` இருந்தா பேரை ப்ரிண்ட் பண்ணும். டபுள் கோட்ஸை விட்டுடாதீங்க, ஃபோல்டர் பேர்ல ஸ்பேஸ் இருந்தா அங்கயே உடைஞ்சிடும். எஸ்விஎன், ஹெச்ஜிக்கும் சேர்த்து பார்க்கணும்னா இதே லைனை காப்பி பண்ணி பேரை மட்டும் மாத்துங்க, அதுக்குப் போய் பெரிய ஃபங்ஷன் எல்லாம் எழுத வேண்டாம். இன்னொன்னு, ரெண்டு பர்சென்ட் குறி பேட் ஃபைலுக்குள்ள மட்டும்தான், நேரா ப்ராம்ப்ட்ல அடிச்சுப் பார்க்கிறவங்க ஒன்னு மட்டும் போடணும், இதை மறந்துட்டு ஸ்கிரிப்டே தப்புன்னு சொல்றவங்க நிறைய.

டபுள் க்ளிக் பண்ணா கருப்பு விண்டோ வந்து உடனே மறைஞ்சிடுது, அட்மினா ரன் பண்ணா வேற எங்கயோ போய் தேடுது, என்ன பிரச்சனை?

ரெண்டும் வேற வேற பிரச்சனை. விண்டோ மறையிறதுக்கு கடைசி லைன்ல `பாஸ்`னு போட்டா நிக்கும். அட்மினா ரன் பண்றப்ப கமாண்ட் ப்ராம்ப்ட் சிஸ்டம்32 ஃபோல்டர்ல இருந்து ஆரம்பிக்கும், உங்க ஸ்கிரிப்ட் பாவம் அங்க இருக்கிறதைத்தான் தேடும். அதனால முதல் வேலையா `புஷ்டி "%~டிபி0"`னு போட்டுடுங்க, ஸ்கிரிப்ட் எந்த ஃபோல்டர்ல இருக்கோ அங்கயே போய் நின்னுக்கும், முடிஞ்சதும் `பாப்டி`.

`சிடி`யை விட `புஷ்டி` நல்லதுன்னு சொல்றதுக்குக் காரணம் இருக்கு. `சிடி`க்கு `/டி` போடலைன்னா டிரைவ் மாறாது, நெட்வொர்க் பாத் குடுத்தா சுத்தமா முடியாதுன்னு சொல்லிடும், `புஷ்டி` ஒரு தற்காலிக டிரைவ் லெட்டர் போட்டு உள்ள போயிடும். ஸ்கிரிப்ட் ஐகான் மேல ஒரு ஃபோல்டரை இழுத்துப் போட்டு ரன் பண்ணணும்னா `"%~1"`ல அந்த பாத் வரும்.

ஃபோல்டருக்குள்ள .கிட்இக்னோர் ஃபைல் இருக்கு ப்ரோ, அப்ப அது ரெப்போதானே?

இல்ல. அது ப்ராஜெக்ட்ல இருக்கிற இன்னொரு சாதாரண ஃபைல், அவ்வளவுதான். கிட்ஹப்ல ஜிப்பா டவுன்லோட் பண்ணா `.கிட்இக்னோர்`, `.கிட்ஹப்` எல்லாம் வரும், `.கிட்` மட்டும் வராது, ஹிஸ்டரியும் இருக்காது. ஸ்கிரிப்ட்ல `.கிட்*`னு ஸ்டாரைப் பின்னாடி போட்டுத் தேடுறவங்களுக்கு இதெல்லாம் சேர்ந்து வந்து லிஸ்ட் குப்பையாயிடும்.

எத்தனை லெவல் உள்ள இருந்தாலும் கண்டுபிடிக்கணும், மொத்த டிரைவையும் தேடணும்னா?

`ஃபார் /எஃப் "டெலிம்ஸ்=" %%ஐ இன் ('டிர் /எஸ் /பி /ஏ *.கிட் 2^>நல்') டூ இஃப் /ஐ "%%~என்எக்ஸ்ஐ"==".கிட்" எக்கோ %%~டிபிஐ`

இதுல ஒவ்வொரு துண்டும் ஒரு காரணத்துக்காக இருக்கு. `டெலிம்ஸ்=` இல்லன்னா ஸ்பேஸ் வர்ற இடத்துல பாத் வெட்டுப்படும். `/ஏ` இல்லன்னா ஹிட்டன் எதுவும் வராது. `2>நல்`ங்கிறது எர்ரர் மெசேஜை விழுங்க, ஆனா `ஃபார் /எஃப்`போட சிங்கிள் கோட்ஸுக்குள்ள அதை எழுதுறப்ப முன்னாடி ஒரு கேரட் குறி (^) வேணும், இல்லன்னா சின்டாக்ஸ் எர்ரர். கடைசியில இருக்கிற ஒப்பீடு, பேர் சரியா `.கிட்`தானான்னு உறுதிப்படுத்திக்க.

முன்னாடி எதுக்கு ஸ்டார்னு கேப்பீங்க. வெறும் `.கிட்`னு குடுத்தா, நீங்க தேட ஆரம்பிக்கிற ஃபோல்டர்லயே ஒரு `.கிட்` ஃபோல்டர் இருந்துச்சுன்னா `டிர்` அதைத் தேட வேண்டிய பேரா எடுத்துக்காம உள்ள நுழைஞ்சு அதுல இருக்கிறதை லிஸ்ட் போட ஆரம்பிச்சிடும். ஸ்டார் போட்டா அந்தக் குழப்பம் இல்ல.

பெரிய டிரைவ்ல ரன் பண்ணா ரொம்ப நேரம் ஒன்னுமே வராது, தொங்கிடுச்சுன்னு நினைச்சு மூடிடாதீங்க. `ஃபார் /எஃப்` உள்ள இருக்கிற கமாண்ட் முழுசா முடிஞ்ச பிறகுதான் முதல் லைனையே கையில எடுக்கும்.

டிர் அடிச்சா .கிட் காட்ட மாட்டேங்குது, இஃப் எக்ஸிஸ்ட் இருக்குன்னு சொல்லுது, எதை நம்புறது?

`இஃப் எக்ஸிஸ்ட்`டை நம்புங்க. `டிர்` சும்மா அடிச்சா ஹிட்டனை மறைச்சிடும், `இஃப் எக்ஸிஸ்ட்` ஹிட்டனா இல்லையான்னு பார்க்கவே பார்க்காது. `ஃபார் /டி`யும் ஸ்டார் வெச்சுத் தேடுறப்ப ஹிட்டன் ஃபோல்டரை தாண்டிப் போயிடும், அதனால ப்ராஜெக்ட் ஃபோல்டரையே யாராவது ஹிட்டனாக்கி வெச்சிருந்தா ரெண்டாவது கேள்வியில சொன்ன லைன் அதைத் தொடாது, போன கேள்வியோட லைன்தான் பிடிக்கும்.

இவ்வளவு சுத்து எதுக்கு, நேரா கிட்டையே கேட்டுட்டா முடிஞ்சு போச்சே?

கேக்கலாம். `கிட் ரெவ்-பார்ஸ் --இஸ்-இன்சைட்-வொர்க்-ட்ரீ`னு அடிச்சா `ட்ரூ`ன்னு வரும், ரெப்போ இல்லாத இடத்துல ஃபேட்டல்னு ஒரு திட்டு வரும், எக்ஸிட் கோட் (கமாண்ட் முடியிறப்ப திருப்பிக் குடுக்கிற நம்பர்) 128. ஆனா இங்கதான் முக்கியமான விஷயம், பாதி பேருக்கு வர்ற குழப்பத்துக்கு இதுதான் மூலம்: "இந்த ஃபோல்டர்ல `.கிட்` இருக்கா" அப்படிங்கிறதும் "நான் நிக்கிற இடம் ஏதோ ஒரு ரெப்போவுக்கு உள்ள இருக்கா" அப்படிங்கிறதும் வேற வேற கேள்வி. `இஃப் எக்ஸிஸ்ட்` முதல் கேள்விக்குப் பதில் சொல்லுது, கிட் ரெண்டாவதுக்குப் பதில் சொல்லுது. ரெண்டு பதிலும் ஒன்னா இருக்கிறதுதான் வழக்கம், ஒத்துப்போகாத இடத்துலதான் தலைவலி.

எக்ஸிட் கோட் சைபர்னா ரெப்போன்னு அவசரப்படாதீங்க. `.கிட்` ஃபோல்டருக்குள்ளயே நின்னு கேட்டா `ஃபால்ஸ்`னு ப்ரிண்ட் ஆகும், ஆனா எக்ஸிட் கோட் சைபர்தான். அதனால ப்ரிண்ட் ஆன வார்த்தையையும் படிக்கணும். அப்புறம் கிட்டே இன்ஸ்டால் ஆகலைன்னா எல்லாமே "இல்ல"ன்னுதான் வரும், ஸ்கிரிப்ட் ஆரம்பத்துலயே `வேர் கிட்` போட்டு செக் பண்ணிடுங்க.

எந்த ஃபோல்டர்ல கேட்டாலும் கிட் ட்ரூன்னே சொல்லுது, டவுன்லோட்ஸ் ஃபோல்டர் கூட ரெப்போவாம்!

யாரோ, எப்பவோ, உங்க யூசர் ஃபோல்டர்லயோ டிரைவோட ரூட்லயோ `கிட் இனிட்` (புது ரெப்போ உருவாக்குற கமாண்ட்) அடிச்சு வெச்சிருக்காங்க. கிட் இப்ப நிக்கிற ஃபோல்டர்ல `.கிட்` இல்லன்னா மேல மேல ஏறிப் போய் தேடும், கிடைச்சதும் "ஆமா, ரெப்போதான்"னு சொல்லிடும், அது தப்பும் இல்ல. `கிட் ரெவ்-பார்ஸ் --ஷோ-டாப்லெவல்` அடிச்சுப் பாருங்க, எந்த ஃபோல்டர்னு தெரிஞ்சிடும்.

ஸ்கிரிப்ட்ல இதை சமாளிக்க நிறைய பேர் டாப்லெவல் பாத்தை `%சிடி%`யோட (இப்ப நிக்கிற ஃபோல்டரோட பாத்) ஒப்பிட்டுப் பார்க்கிறாங்க, எப்பவுமே சேராது, ஏன்னா கிட் முன் சாய்வு கோடு போட்டு பாத் குடுக்கும், விண்டோஸ் பின் சாய்வு கோடு. அதுக்குப் பதிலா `--ஷோ-ப்ரிஃபிக்ஸ்` நல்லா இருக்கு, ரெப்போவோட ரூட்ல நின்னா காலியா வரும், உள்ள எங்கயாவது நின்னா அந்த சப் பாத் வரும். `ஃபார் /எஃப்` காலி லைனை தாண்டிடுங்கிறதால, லூப் ஓடலைன்னா ரூட்னு எடுத்துக்கலாம், ஆனா முன்னாடியே ட்ரூ வந்திருக்கணும், ஏன்னா ரெப்போவே இல்லன்னாலும் காலிதான். ஒரு குறிப்பிட்ட லெவலுக்கு மேல ஏறவே கூடாதுன்னா `கிட்_சீலிங்_டைரக்டரீஸ்`னு ஒரு என்விரான்மென்ட் வேரியபிள் இருக்கு, அதுல அந்த பாத்தை செட் பண்ணுங்க.

இதுக்கு நேரெதிரா, .கிட் இருக்கு, கிட் மட்டும் ரெப்போ இல்லன்னோ எர்ரர்னோ சொல்லுதுங்க

ரெண்டு காரணம் இருக்கலாம். ஒன்னு, `.கிட்` உடைஞ்சு போயிருக்கு. கிட் ஒத்துக்கணும்னா உள்ள குறைஞ்சபட்சம் `ஹெட்` ஃபைலும் `ஆப்ஜெக்ட்ஸ்`, `ரெஃப்ஸ்` ஃபோல்டரும் இருக்கணும், பாதி காப்பியில நின்னு போன பேக்கப்ல இதுல ஏதாவது ஒன்னு காணாமப் போயிருக்கும்.

இன்னொன்னுதான் இப்பல்லாம் நிறைய வருது. 2022 ஏப்ரல்ல வந்த கிட் 2.35.2ல இருந்து, ஃபோல்டரோட ஓனர் நீங்க இல்லன்னா கிட் உள்ள போக மறுக்கும், டூபியஸ் ஓனர்ஷிப்னு மெசேஜ் வரும். வேற சிஸ்டத்துல இருந்து கழட்டின டிஸ்க், பழைய யூசர் அக்கவுண்ட்ல உருவான ஃபோல்டர், டாஸ்க் ஷெட்யூலர்ல வேற அக்கவுண்ட்ல ஓடுற ஸ்கிரிப்ட், எல்லாத்துலயும் இது வரும். ரெப்போ நல்லாத்தான் இருக்கு, உங்களை நம்பலை அவ்வளவுதான். `சேஃப்.டைரக்டரி` செட்டிங்ல அந்த பாத்தை சேர்த்தா போதும். அதுல ஸ்டார் போட்டு எல்லாத்தையும் திறந்து விடலாம்தான், ஆனா அந்தத் தடையை வெச்சதே அடுத்தவன் வெச்ச `.கிட்`ல இருக்கிற கான்ஃபிக் உங்க அக்கவுண்ட்ல ஓடாம இருக்கத்தான், அதனால நான் அப்படி செய்ய மாட்டேன். ஸ்கிரிப்ட்ல `2>நல்` போட்டு எர்ரரை விழுங்கியிருந்தா இந்த மெசேஜ் கண்ணுக்கே தெரியாது, அதையும் ஞாபகம் வெச்சுக்கோங்க. `.கிட்` இருந்தும் கிட் மறுத்தா "சந்தேகம்"னு ஒரு தனி லிஸ்ட்ல போடுங்க, "இல்ல" லிஸ்ட்ல போட்டுடாதீங்க.

.கிட் ஒரு ஃபோல்டர்னு சொன்னீங்க, எனக்கு அது ஒரு குட்டி ஃபைலா இருக்கே?

நோட்பேட்ல திறந்து பாருங்க, `கிட்டிர்:`னு ஆரம்பிச்சு ஒரு பாத் இருக்கும். சப்மாட்யூலா (ஒரு ரெப்போவுக்குள்ள வெச்ச இன்னொரு ரெப்போ) இருந்தா தாய் ரெப்போவோட `.கிட்\மாட்யூல்ஸ்`க்குள்ள காட்டும், `கிட் வொர்க்ட்ரீ` (ஒரே ரெப்போவுக்கு இன்னொரு வேலை ஃபோல்டர் போடுற கமாண்ட்) வெச்சு உருவாக்கினதுன்னா மெயின் ரெப்போவோட `.கிட்\வொர்க்ட்ரீஸ்`க்குள்ள காட்டும். அதாவது உண்மையான சரக்கு வேற இடத்துல இருக்கு, இங்க இருக்கிறது ஒரு விலாசம் மட்டும். அந்த மெயின் ஃபோல்டரை அழிச்சா இதுவும் செத்துடும்.

டிர்ல `/ஏடி`ன்னு போட்டுத் தேடுறவங்களுக்கு இது மாட்டவே மாட்டாது, அது ஃபோல்டர் மட்டும்தான் காட்டும், மேல நான் வெறும் `/ஏ` போட்டதுக்குக் காரணம் இதுதான். ஃபோல்டரா ஃபைலான்னு பிரிச்சுப் பார்க்கணும்னா கடைசியில ஒரு பின் சாய்வு கோடு சேர்த்து `இஃப் எக்ஸிஸ்ட் "%%ஐ\"`னு கேளுங்க, ஃபோல்டரா இருந்தாதான் ஆமாம்னு வரும்.

பேர் ரெப்போன்னு ஒன்னு இருக்காமே, அதை உங்க ஸ்கிரிப்ட் பிடிக்குமா?

இங்க பேர்னா பெயர் இல்ல, வெறும்னு அர்த்தம், ப்ராஜெக்ட் ஃபைல் எதுவும் இல்லாம ஹிஸ்டரி மட்டும் இருக்கிற ரெப்போ. அந்த பேர் ரெப்போவுக்குள்ள `.கிட்` கிடையாது, `ஹெட்`, `ஆப்ஜெக்ட்ஸ்`, `ரெஃப்ஸ்` எல்லாம் வெளியவே கிடக்கும். அதனால மூணும் இருக்கான்னு மூணு `இஃப் எக்ஸிஸ்ட்`டை அடுத்தடுத்து கோர்த்துப் பார்க்கணும். வழக்கமா இதுக்கு ஏதோ-ஒரு-பேர்`.கிட்`னு கடைசியில வர்ற மாதிரி பேர் வெப்பாங்க, அதனால `*.கிட்` தேடல்ல வந்துடும், ஆனா கடைசி ஒப்பீட்டுல நாமளே தள்ளிடுறோம், அதை எடுத்துட்டு இந்த மூணு செக்கைப் போடுங்க. உறுதிப்படுத்த `--இஸ்-பேர்-ரெபாசிட்டரி` இருக்கு.

லூப்புக்குள்ள எர்ரர்லெவல் எப்பவும் ஒரே நம்பரா வருது, மண்டை காயுது

எர்ரர்லெவல்ங்கிறது கடைசியா ஓடின கமாண்டோட எக்ஸிட் கோட், பேட்ச்ல எல்லாரும் ஒரு தடவை மாட்டுற இடம். ப்ராக்கெட் போட்ட ப்ளாக்கை கமாண்ட் ப்ராம்ப்ட் மொத்தமா படிக்கிறப்பவே `%எர்ரர்லெவல்%`ஐ அப்ப இருந்த நம்பரா மாத்தி எழுதிடும், அப்புறம் உள்ள என்ன நடந்தாலும் அது மாறாது. `இஃப் எர்ரர்லெவல் 1`னு பர்சென்ட் இல்லாம எழுதுங்க, அது ஓடுற நேரத்துல பார்க்கும், 1 அல்லது அதுக்கு மேலன்னு அர்த்தம், 128ம் அதுல அடங்கிடும். இல்லன்னா கமாண்டுக்குப் பின்னாடி `&&`, `||` போடுங்க, எனக்குப் பிடிச்சது இதுதான்.

டிலேய்ட் எக்ஸ்பேன்ஷனை (வேரியபிளோட மதிப்பை ஓடுற நேரத்துல எடுக்கிற வசதி) ஆன் பண்ணி `!எர்ரர்லெவல்!`னு எழுதச் சொல்லுவாங்க. வேலை செய்யும், ஆனா ஃபோல்டர் பேர்ல ஆச்சரியக்குறி இருந்தா அது காணாமப் போய் பாத்தே தப்பாயிடும், ஃபோல்டர் தேடுற ஸ்கிரிப்டுக்கு அது ஆகாது.

தமிழ்ல பேர் வெச்ச ஃபோல்டர் எல்லாம் கேள்விக்குறியா வருது

`ஃபார் /எஃப்` `டிர்`ரோட அவுட்புட்டை கோட் பேஜ் (எந்த எண்ணுக்கு எந்த எழுத்துங்கிற பட்டியல்) வழியா படிக்குது, அந்த கோட் பேஜ்ல தமிழ் இல்லன்னா எழுத்து அங்கயே போச்சு. ஸ்கிரிப்ட் மேல `சிஹெச்சிபி 65001` போடுங்க. ஸ்க்ரீன்ல கட்டம் கட்டமா தெரிஞ்சா அது ஃபான்ட் பிரச்சனை, பாத் சரியாத்தான் இருக்கும். ஸ்கிரிப்டை யுடிஎஃப்-8ல சேவ் பண்றப்ப பாம் (ஃபைல் ஆரம்பத்துல ஒட்டிக்கிற கண்ணுக்குத் தெரியாத குறி) இல்லாம சேவ் பண்ணுங்க, இல்லன்னா முதல் லைனே புரியலைன்னு சொல்லும்.

கிட் -சி போட்டு பாத் குடுத்தா அப்படி ஒரு ஃபோல்டரே இல்லங்குது, ஆனா இருக்கு!

`"%%~டிபிஐ"` குடுத்திருப்பீங்க. அது எப்பவும் பின் சாய்வு கோட்டுல முடியும், அதுக்கு ஒட்டினாப்ல டபுள் கோட்ஸ் வந்தா கிட் ரெண்டையும் சேர்த்து "இது பாத்தோட ஒரு பகுதியான கோட்ஸ்"னு படிச்சுக்கும். ஒரே ஒரு புள்ளி சேர்த்து `"%%~டிபிஐ."`னு குடுங்க, சரியாயிடும்.

முதல் ஃபோல்டர் முடிஞ்சதும் ஸ்கிரிப்ட் சத்தமில்லாம நின்னுடுது

நீங்க கூப்பிடுற டூல் ஒரு எக்ஸி ஃபைலா இல்லாம பேட் ஃபைலாவோ சிஎம்டி ஃபைலாவோ இருக்கும், `வேர்` போட்டு பாருங்க. ஒரு பேட்ச் இன்னொரு பேட்சை நேரா கூப்பிட்டா கன்ட்ரோல் திரும்பி வராது, முன்னாடி `கால்` போடணும்.

எஸ்விஎன்ல ஒரே ப்ராஜெக்ட்டுக்கு நூத்துக்கணக்குல ரெப்போன்னு லிஸ்ட் வருதுங்க

அது 1.7க்கு முந்தின வெர்ஷன்ல செக்அவுட் பண்ணது (சர்வர்ல இருந்து காப்பி எடுத்தது). அப்ப ஒவ்வொரு சப் ஃபோல்டர்லயும் ஒரு `.எஸ்விஎன்` இருக்கும், 2011ல வந்த 1.7ல இருந்துதான் ரூட்ல மட்டும் ஒன்னு. ஒரு ஃபோல்டர்ல `.எஸ்விஎன்` இருந்து அதுக்கு மேல் ஃபோல்டர்லயும் இருந்தா அதை லிஸ்ட்ல விட்டுடுங்க, அதுக்கு `இஃப் நாட் எக்ஸிஸ்ட் "%%~டிபிஐ..\.எஸ்விஎன்"` போதும். சிவிஎஸ்க்கும் இதே கதைதான்.

லிஸ்ட் எல்லாம் வந்துடுச்சு, கிட் ஸ்டேட்டஸும் காலியா வருது, இப்ப ஃபோல்டரை அழிச்சிடலாமா?

எல்லாரும் கடைசியில கேக்க வர்றது இதுதான், ரெப்போ இருக்கான்னு கேக்கிறதே இதுக்காகத்தான். `கிட் ஸ்டேட்டஸ் --போர்சலின்` காலின்னா கமிட் பண்ணாத (ஹிஸ்டரியில பதியாத) மாற்றம் இல்லன்னு அர்த்தம், வேற இடத்துல காப்பி இருக்குன்னு அர்த்தம் இல்ல. அதோட எக்ஸிட் கோட் மாற்றம் இருந்தாலும் இல்லன்னாலும் சைபர்தான், அதனால `ஃபார் /எஃப்` வெச்சு அவுட்புட் வருதான்னுதான் பார்க்கணும்.

அதுக்கு மேல மூணு பார்க்கணும். `கிட் லாக் --ப்ராஞ்சஸ் --நாட் --ரிமோட்ஸ் --ஒன்லைன்`, இது எந்த ரிமோட்டுக்கும் (சர்வர்ல இருக்கிற காப்பிக்கும்) போகாத கமிட்டை எல்லா ப்ராஞ்சுலயும் தேடிக் காட்டும், ரிமோட்டே இல்லன்னா எல்லா கமிட்டும் வரும், நமக்கு வேண்டியதும் அதுதான். `கிட் ஸ்டாஷ் லிஸ்ட்`, ஸ்டாஷ் (கமிட் பண்ணாம ஒதுக்கி வெச்ச மாற்றம்) எப்பவும் உங்க டிஸ்க்குல மட்டும்தான் இருக்கும், புஷ் பண்றப்ப கூட போகாது. மூணாவது `கிட் ஸ்டேட்டஸ் --போர்சலின் --இக்னோர்ட்`, இதை யாரும் பார்க்கிறதே இல்ல. பாஸ்வேர்ட் வெச்ச கான்ஃபிக் ஃபைல், லோக்கல் டேட்டாபேஸ் எல்லாம் `.கிட்இக்னோர்`ல இருக்கும், சாதா ஸ்டேட்டஸ்ல காட்டாது, சர்வர்லயும் இருக்காது, அழிச்சா போனது போனதுதான்.

இந்த மூணும் காலியா வந்தாலும், கிட் பேசுறது கடைசியா ஃபெட்ச் பண்ண (சர்வர்ல இருந்து எடுத்த) நிலவரத்தை வெச்சுதான். அந்த ரிமோட் ரெப்போவை யாராவது அழிச்சிருந்தா இதுக்குத் தெரியாது, `கிட் எல்எஸ்-ரிமோட்` போட்டா சர்வரைத் தொட்டுப் பார்த்து சொல்லும். எஸ்விஎன்ல இவ்வளவு இல்ல, ஹிஸ்டரி சர்வர்ல இருக்கும், `எஸ்விஎன் ஸ்டேட்டஸ் --நோ-இக்னோர்` காலின்னா போதும். அழிக்கிற கமாண்டை மட்டும் இதே ஸ்கிரிப்ட்ல சேர்க்காதீங்க, லிஸ்டை ஒரு ஃபைல்ல எழுத வெச்சு, அதைக் கண்ணால படிச்சிட்டு கையால அழிங்க.